கம்பெல் துரையும் இலங்கைப் பொலிஸின் பிறப்பும்

சென்ற வருடம் மழைக்காலத்தில் எங்கள் லயத்துப் பாட்டி ஒருவரின் அடையாள அட்டை காணாமற் போய்விட்டது. பொலிஸில் முறைப்பாடு எழுதித் துண்டு வாங்கினால்தான் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாட்டிக்குத் தனியே போகப் பயம். "பொலிசுக்குப் போற அளவுக்கு நான் என்னய்யா தப்புப் பண்ணிட்டேன்?" என்று இரண்டு நாள் மறுத்தார். மூன்றாம் நாள் எம்மைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டார். பேர்த்தியின் கலியாணத்துக்குக் கட்டிய சேலையை உடுத்திக்கொண்டு, செருப்பை நிலைய வாசலில் கழற்றி வைத்துவிட்டே உள்ளே போனார். கோயிலுக்குச் செய்யும் மரியாதையா, துரையின் பங்களாவுக்குச் செய்யும் மரியாதையா, அது எமக்கு விளங்கவில்லை.

அங்கே யாரும் எம்மைக் கடிந்து பேசவில்லை. ஆனால் பாட்டி தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, பெருவிரலை மையில் ஒற்றி வைக்கச் சொன்னார்கள். "என்னா எழுதிருக்கு தம்பி?" என்று பாட்டி எம்மைக் கேட்டார். எமக்கும் பாதிதான் வாசிக்க முடிந்தது. பட்டப்படிப்புப் படிக்கும் பிள்ளை என்று பாட்டி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தமைக்கு அன்று நாம் தலைகுனிந்தோம்.

திரும்பி வரும் வழியில் எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. இந்தப் பொலிஸ் என்பது எங்கிருந்து வந்தது? யார் கொண்டுவந்தார்கள்? யாருக்காகக் கொண்டுவந்தார்கள்? அரசர் வரிசையும் யுத்த வரிசையும் மனப்பாடம் செய்த எமக்கு, ஒவ்வொரு சந்தியிலும் நிற்கும் காக்கிச் சட்டைக்காரரின் வரலாறு ஒரு வரிகூடத் தெரிந்திருக்கவில்லை.

ஊர்க்காவல் என்பது நமக்குப் புதிதன்று. இரவில் மதுரை வீதிகளைக் காத்த காவலரை மதுரைக்காஞ்சி பாடுகிறது. அதே மதுரையில், பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல்லை நம்பி, விசாரணை ஒன்றும் இல்லாமல் ஊர்காப்பாளரை அனுப்பிக் கோவலனை வெட்டுவித்த கதையைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. காவலன் கையில் வாளைக் கொடுத்தால் அந்த வாளைக் கட்டுப்படுத்துவது யார் என்ற கேள்வி, ஆகவே, ஐரோப்பியர் வந்த பின்பு பிறந்ததன்று.

ஆயினும் நாம் இன்று அறிந்த பொலிஸ், அதாவது சம்பளம், பதவிப் படிகள், பதிவேடு, தலைமைக் காரியாலயம் என்று அமைந்த ஸ்தாபனம், பிரான்சு தேசத்திலிருந்தே தன் கதையைத் தொடங்குகிறது. பதினான்காம் லூயி மன்னன் காலத்துப் பாரிஸ் மாநகர் அழகின் இருப்பிடம் என்று பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகத்தில் படித்தோம். உண்மையில் அது சேறும் இருளும் திருடரும் நிறைந்த நகராக இருந்தது. 1665 ஆம் ஆண்டில், குற்றங்களை விசாரிக்கும் பெரிய அதிகாரியான தார்தியூ என்பவரே தம் மனைவியோடு சொந்த வீட்டினுள் திருடரால் கொலையுண்டார். காவலுக்குப் பொறுப்பானவர் கதியே இதுவென்றால் குடிகளின் கதியைக் கேட்க வேண்டுமா? மந்திரி கொல்பேர் யோசித்தார். 1667 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அரச ஆணையொன்று பிறந்தது. நீதி வழங்குவது வேறு, நகரைக் காப்பது வேறு என்று பிரித்து, நகர்க் காவலுக்கென்றே தனிப் பதவி ஒன்றை அது உண்டாக்கியது. லிமோஜ் நகரில் பிறந்த கப்ரியேல் நிக்கொலா த லா ரேனி என்பவர் அதில் அமர்ந்தார். 1697 வரை முப்பது வருடம் அமர்ந்திருந்தார்.

அவர் செய்த காரியங்களின் பட்டியலைப் பார்த்தபோது நாம் வியந்தோம். கள்வரைப் பிடிப்பது அதில் ஒரு பங்கு மாத்திரமே. தெருவுக்குத் தெரு கண்ணாடிக் கூண்டில் மெழுகுவர்த்தி விளக்குகள் தொங்கின. குப்பையும் சேறும் அள்ள ஏற்பாடாயிற்று. விளக்குக்கும் சேற்றுக்குமாக ஒரு வரியே விதித்தார்கள். தானிய வரவு, ரொட்டியின் நிறை, சந்தை, தீயணைப்பு, தொற்றுநோய் எல்லாம் அவர் பார்வையில் வந்தன. 48 கொமிஸர்மார் நகரின் பகுதிகளுக்குப் பொறுப்பாக இருந்து அவருக்கு அறிக்கை அனுப்பினார்கள். பொலிஸ் என்ற சொல்லே நகரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அக்காலத்தில் அதற்கு நகரை ஒழுங்காக வாழவைத்தல் என்பதே பொருள்.

ஆனால் அந்த விளக்குக்கு ஒரு நிழலும் இருந்தது. லா ரேனி ஒற்றர் பலரை வைத்திருந்தார். அரசனை ஏசும் சிறு புத்தகங்களை அச்சிட்டவர்களும் விற்றவர்களும் சிறைப்பட்டார்கள். மன்னன் முத்திரையிட்ட கடிதம் ஒன்று போதும், விசாரணையின்றி ஒருவரைப் பஸ்தீல் சிறையில் அடைக்கலாம். 1685 இல் புரொட்டஸ்தாந்தருக்கு இருந்த மதவுரிமையை மன்னன் பறித்தபோது, அதைப் பாரிஸில் நிறைவேற்றிய கையும் லா ரேனியின் கைதான். வீதிக்கு விளக்கேற்றியவரும் வீட்டுக்குள் ஒற்றனை அனுப்பியவரும் ஒருவரே.

பின்னர் பிரான்சில் புரட்சி வந்து அந்தப் பதவி மறைந்தது. நெப்போலியன் 1800 இல் அதைப் பொலிஸ் பிரிபெக்ட் என்ற பெயரால் மீண்டும் எழுப்பினான். லண்டனில் 1829 இல் ரொபட் பீல் சீருடை தரித்த, பெரும்பாலும் ஆயுதமற்ற பொலிஸை அமைத்தார். ஆனால் ஆங்கிலேயர் தம் தலைநகருக்குச் செய்த பொலிஸ் ஒன்று. தாம் அடக்கி ஆளும் நாடுகளுக்குச் செய்த பொலிஸ் இன்னொன்று. அயர்லாந்தில் துப்பாக்கி ஏந்தி, படையைப்போல் முகாமில் தங்கும் பொலிஸை அவர்கள் வளர்த்தார்கள். குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலேறியது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே. சென்னை மாகாணத்துக்கு 1859 இல் 24 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வில்லியம் ரொபின்சன் அங்கே தலைமை ஏற்றார். நம் பாட்டன்மார் திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் சேலத்திலும் இருந்து கப்பலேறிய காலம் அது.

இனி இலங்கைக்கு வருவோம். ஒல்லாந்தர் 1659 இல் கொழும்பில் இரவுக் காவலுக்கு நான்கு போர்வீரரைச் சம்பளம் கொடுத்து நியமித்தார்கள் என்பதே இங்கு பொலிஸின் முதற் செய்தி. நான்கே பேர்! ஆங்கிலேயர் வந்ததும் 1797 இல் பிஸ்கால் என்ற பதவியை உண்டாக்கிக் காவலையும் அவரிடம் விட்டனர். 1832 இல் கொழும்புக்கென ஒரு சுப்பிரிண்டெண்டன்டும் சில கொன்ஸ்டபிள்மாரும் சார்ஜண்டுமாரும் 150 பியூன்களும் அமர்த்தப்பட்டார்கள். கிராமங்களில் பழைய விதானைமாரே காவல். கொழும்பைத் தாண்டினால் பொலிஸ் என்பது பெயருக்குத்தான்.

அந்தக் குறையை உலகறியச் செய்தவன் ஒரு கொள்ளைக்காரன். கொழும்பு–கண்டி வீதியில் மாவனல்லைக்கு அருகே உத்துவன்கந்தை என்றொரு மலை எழுந்து நிற்கிறது. அதைத் தளமாகக் கொண்டு சரதியல் என்பவன் கூட்டாளிகளோடு வழிப்பறி செய்தான். செல்வரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தான் என்று சிங்கள மக்கள் அவனைக் கதையாகவும் பாட்டாகவும் பாடிவைத்திருக்கிறார்கள். நம் பக்கத்து முதியோருக்கும் அவன் பெயர் தெரியும். அரசாங்கத்துக்கோ அவன் பெரிய தலைவலி. கோப்பித் தோட்டங்களுக்குச் சம்பளப் பணம் ஏறிச் சென்ற வீதி அதுவே என்பதை நினைவில் வைத்தால் அந்தத் தலைவலியின் காரணம் விளங்கும். 1864 மார்ச்சு 21 ஆம் தேதி அவன் மாவனல்லையில் பிடிபட்டான். அன்றைய மோதலில் துவான் சபான் என்ற மலாய்க் கொன்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தார். கடமையில் உயிர்நீத்த முதல் பொலிஸ்காரராக அவரைக் கருதி, அந்த நாளைப் பொலிஸ் வீரர் தினமாக நினைவுகூர்கிறார்கள். சரதியலும் கூட்டாளி மம்மலே மரிக்காரும் 1864 மே 7 ஆம் தேதி கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள்.

மறு வருடமே 1865 இன் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச்சட்டம் பிறந்தது. சரதியல் தந்த பயமும் அதற்கு ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. ஆள் வேண்டுமே? தேசாதிபதி ஹேர்கியூலிஸ் ரொபின்சன் காலத்தில் பம்பாய் மாகாணத்திலிருந்து ஒருவர் அழைக்கப்பட்டார். அவர்தான் ஜோர்ஜ் வில்லியம் ரொபட் கம்பெல். 1835 இல் பிறந்தவர். ரத்னகிரிப் பகுதியில் காவற்படை நடத்திப் பழகியவர். முப்பதை ஒட்டிய வயதில், 1866 செப்டெம்பர் 3 ஆம் தேதி இலங்கைப் பொலிஸின் தலைமையை ஏற்றார். அந்தத் தேதியே இலங்கைப் பொலிஸின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது. 1867 இல் பதவியின் பெயர் இன்ஸ்பெக்டர் ஜெனரல் என்று மாறியது. நாம் பொலிஸ் மா அதிபர் என்கிறோம். லா ரேனி பதவியேற்ற 1667 க்குச் சரியாக இருநூறு வருடம்! இதே 1867 இல்தான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்பதும் எமக்குச் சுவையான பொருத்தமாகப் பட்டது. நம் வாழ்வைப் பிணித்த கயிறுகள் இரண்டு ஒரே வருடத்தில் முறுக்கேறின.

கம்பெல் இடையிலே 1872 ஐ ஒட்டிப் பினாங்குக்குச் சென்று அங்கே தற்காலிகமாக உதவி தேசாதிபதியாக இருந்ததைத் தவிர, 1891 வரை இங்கேயே பணியாற்றினார். கால்நூற்றாண்டு! கொழும்பு நகரக் காவலாகச் சிதறிக் கிடந்ததை நாடு தழுவிய ஒரே ஸ்தாபனமாக்கியவர் அவர். அவர் வகுத்த அமைப்பின் எலும்புக்கூட்டின் மீதே பின்வந்தோர் சதை பூட்டினார்கள். அவர் பெயரைச் சொல்லும்போது பொலிஸ் நூல்கள் புகழ்மாலை சூட்டுகின்றன. அந்த மாலையைக் கழற்றிவிட வேண்டும் என்பதன்று நம் நோக்கம். ஒரு தேசத்தின் ஸ்தாபனத்தை வெறுந்தரையில் கட்டுவது எளிய காரியமன்று.

ஆனால் 1865 ஆம் வருடத்துச் சட்டப் புத்தகத்தில் 16 ஆம் இலக்கத்துக்குச் சற்று முன்னே 11 ஆம் இலக்கம் இருக்கிறது. வேலையாட்கள், கூலிகள் ஆகியோரின் சேவை ஒப்பந்தங்களைப் பற்றிய கட்டளைச்சட்டம் அது. மாதத்துக்கு மாதம் வேலை செய்யும் தோட்டத் தொழிலாளி முன்னறிவித்தல் இன்றித் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம். கடன்பட்டவன் கடனைத் திருப்பாவிட்டால் வழக்குப் போடலாம் என்பது வேறு. வேலையை விட்டவனை மறியலில் போடலாம் என்பது வேறு. இந்தச் சட்டம் இரண்டாவதைச் செய்தது. ஆகவே பாரிஸில் கள்வனைத் தேடிய பொலிஸ், நம் மலைநாட்டில் யாரைத் தேடியிருக்கும்? சம்பளப் பாக்கி கிடைக்காமல் இரவோடிரவாகப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போனவனை. தோட்டத்துக்குள் கங்காணியின் பிரம்பு. தோட்டத்து எல்லைக்கு வெளியே துரையின் புகாரின்பேரில் வந்த வாரண்டு. கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. அந்தத் துண்டு முறை 1921 இல்தான் ஒழிந்தது.

பாட்டி "என்ன தப்புப் பண்ணிட்டேன்" என்று கேட்டதன் பொருள் அப்போதுதான் எமக்குப் புலப்பட்டது. லயத்தில் பிறந்தவருக்கு இரண்டு தலைமுறை காலம் பொலிஸ் என்றால், தேடிப் பிடிக்க வருகிறவர் என்பதே அர்த்தம். முறைப்பாடு சொல்ல நாமே அங்கு போகலாம் என்பது பின்னால் வந்த எண்ணம்.

கம்பெலுக்குப் பின் வந்தவர்களில் ஹேர்பட் டவ்பிகின் 1913 முதல் 1937 வரை பொலிஸ் மா அதிபராக இருந்தார். நிலையங்களைப் பெருக்கிப் பொலிஸை இறுக்கமான யந்திரமாக்கினார். பலஸ்தீனத்துப் பொலிஸைச் சீர்திருத்த ஆலோசனை சொல்ல 1930 இல் அங்கேயும் அனுப்பப்பட்டார். 1915 கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின்கீழ் நடந்த அநியாயங்கள் இலங்கை முழுவதற்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே விரிக்க இடமில்லை.

நாம் நின்று பேச வேண்டிய இடம் முல்லோயா. ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள அத்தோட்டத்துத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 1940 ஜனவரி 10 ஆம் தேதி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மலைநாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் முதல் தியாகி என்று அவரைச் சொல்வார்கள். இதை முதியோர் அறிவார்கள். இளைஞரிலும் பலர் அறிவார்கள். அதன் பின்னே நடந்ததைத்தான் பலரும் அறியார்.

துப்பாக்கிச் சூட்டை விசாரிக்கக் கமிஷன் அமைந்தது. கோவிந்தனின் மனைவிக்காகக் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். விசாரணை நடக்கும்போது வேலைநிறுத்தக்காரர்மீது பொலிஸார் தொடுத்த சிறு வழக்குகளைத் தள்ளிவைக்கும்படி உள்நாட்டு மந்திரி சேர் பாரன் ஜயதிலக பொலிஸ் மா அதிபர் பாங்ஸ் என்பவரைக் கேட்டார். பொலிஸ் மா அதிபர் உடன்படவில்லை. தேசாதிபதி சேர் அன்ட்ரூ கால்டிகொட் மந்திரியின் பக்கம் நிற்காமல் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். உடனே மந்திரிமார் சபை முழுவதும் பெப்ரவரியில் ராஜினாமாச் செய்தது. பின்பு சமாதானமாகித் திரும்பியது. கொழும்பில் பெரிய மனிதர்கள் வாதாடியது இதுதான்: பொலிஸ் யாருக்குக் கீழ்ப்பட்டது? ஜனங்கள் தேர்ந்த மந்திரிக்கா, பிரித்தானிய முடியின் தேசாதிபதிக்கா, அல்லது சட்டம் ஒன்றுக்கு மாத்திரமா?

இதில் நாம் யார் பக்கம்? முதலில் மந்திரியின் பக்கமே நியாயம் என்று நினைத்தோம். பின்பு யோசித்தபோது, மந்திரி சொன்னால் வழக்கை நிறுத்தலாம் என்ற வழக்கம் வந்துவிட்டால், நாளை வேறொரு மந்திரி நம்மை அடிக்கவும் சொல்லலாமே என்று தோன்றியது. இன்னும் முடிவு செய்ய முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். சங்கத்து வாசிகசாலையில் இதை ஒரு மாலை விவாதித்தபோது மூத்த அன்பர் ஒருவர், "ரெண்டு பேர் சண்டையிலயும் கோவிந்தன் பேரை எவனாவது சொன்னானா?" என்று கேட்டார். அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை.

1947 இல் சேர் றிச்சர்ட் அலுவிகாரே இலங்கையர்களில் முதலாவது பொலிஸ் மா அதிபரானார். அடுத்த வருடம் சுதந்திரம். அதே 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்றவனுக்குப் பொலிஸ் நிலையம் எப்படித் தோன்றியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1956 இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. 1977 மே 11 ஆம் தேதி, தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த மக்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் மாண்டார். நம் வட்டவளையிலிருந்து புகைவண்டி ஏறினால் அட்டனைத் தாண்டிச் சிறிது தூரத்தில் அந்தப் பக்கம் வந்துவிடும். 1987 இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பாட்டியின் விரல் மையில் தோய்ந்தது அதற்குப் பல பத்தாண்டுகளுக்குப் பின்.

இவ்வளவையும் எழுதும்போது ஒரு நேர்மைக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மண்சரிவு வந்த இரவுகளில் கயிறும் டோர்ச் லைட்டும் கொண்டு முதலில் வந்து நின்றவர்களில் பொலிஸாரும் உண்டு. காக்கிச் சட்டை போட்ட தோட்டத்துப் பிள்ளைகளும் இப்போது இருக்கிறார்கள். நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த ஒருவர் அவர்களுள் ஒருவர். லா ரேனி தன் நகருக்குச் செய்ததில் விளக்கு ஒரு பக்கம், ஒற்றன் ஒரு பக்கம் என்று முன்னே சொன்னோம். கம்பெல் கப்பலில் கொண்டுவந்தது எந்தப் பக்கம் என்பதை வரலாறு எமக்குக் காட்டிவிட்டது. மற்றப் பக்கம் இலங்கைக்கு வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. லயத்து வாசல்வரை வந்துசேர அதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

பாட்டிக்கு அடையாள அட்டை ஐந்தாம் மாதம் வந்தது. இக்கட்டுரையில் பாரிஸைப் பற்றிய பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டினோம். லா ரேனி சிறையில் அடைத்த புத்தகக்காரர்களையும் அரசனின் முத்திரைக் கடிதத்தையும் அவர் பெரிதுபடுத்தவில்லை. தெருவுக்குத் தெரு விளக்குப் போட்டதை மட்டும் இரண்டு முறை திருப்பி வாசிக்கச் சொன்னார்.

"அந்த விளக்கு எரிஞ்சுச்சா, இல்ல போட்டதோட சரியா?" என்று கேட்டார்.

எரிந்தது என்றோம். கோயிலுக்குத் திரும்பும் முடக்கில் உள்ள கம்பத்தை அவர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பல்பு இல்லாமற் போய் நான்கு மாதம் ஆகிறது.